ட்ரிக்கரின் கனம்

(இயந்திரவியல் மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'கைத்துப்பாக்கி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாதி, 'ஸ்பிரிங்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாதி என்று நினைக்கிறேன். முதல் பாதிக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். இன்று யாரும் யாரையும் துரத்தப் போவதில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு சுருள்வில்லைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசப்போகிறேன்.

அமெரிக்காவில் உரிமத்தோடு சிறிய பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் ஏராளம். அவர்களிடையே பழைய புகார் ஒன்று உண்டு: ட்ரிக்கர் கனமாக இருக்கிறது, இழுக்கும்போது குறி தவறுகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்தும் பழையதுதான். சில டாலருக்கு ஒரு பாக்கெட் ஸ்பிரிங் வாங்கி, பழையதைக் கழற்றி மெல்லியதை மாட்டிவிடுவது. பதினைந்து நிமிட வேலை. அதே நாட்டில் நியூயார்க் நகரப் போலீஸ் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்தது. கம்பெனி கொடுத்த லேசான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கனமானதை மாட்டச் சொன்னது. இரு தரப்பும் ஒரே சுருள்வில்லிடம் அதனால் செய்ய முடியாத வேலையைக் கேட்டார்கள் என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஜெர்மனியின் வால்தர் கம்பெனி 1929இல் 'பிபி' என்ற பிஸ்டலையும், 1931இல் அதன் தம்பியான 'பிபிகே'யையும் வெளியிட்டது. ஜேம்ஸ் பாண்ட் கோட்டுக்குள்ளிருந்து எடுப்பாரே, அதுதான். பிஸ்டல்களில் 'டபுள் ஆக்‌ஷன்' முறையைப் பரவலாக்கியவை இவை. ட்ரிக்கரை ஒருமுறை இழுத்தால் போதும், பின்னாலிருக்கும் ஹாமர் தானே எழும்பி, உச்சிக்குப் போய், விடுபட்டு அடிக்கும். வசதிதான். ஆனால் ஹாமரை எழுப்பும் உழைப்பு முழுவதும் உங்கள் ஆள்காட்டி விரலின் தலையில் விழுகிறது. ஹாமருக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். அதை அமுக்கிக்கொண்டுதான் ஹாமர் எழும்ப வேண்டும். அதனால்தான் முதல் குண்டுக்கான இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கிறது. சினிமாவில் பாண்ட் முகத்தைச் சுளிக்காமல் இழுப்பது நடிப்பு.

துப்பாக்கி சிறியதானால் ஸ்பிரிங்கும் லேசாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. இதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். பிஸ்டல் சிறுத்தாலும் அது சுடும் தோட்டா சிறுப்பதில்லை. தோட்டாவின் பின்புறம் நடுவில் பிரைமர் என்ற சின்ன உலோகக் கிண்ணி இருக்கிறது. அதன் உள்ளே வெடிமருந்துப் பூச்சு, அதற்குள் 'அன்வில்' எனப்படும் ஒரு சின்னப் பட்டடை. ஹாமர் அடித்த ஊசி வந்து கிண்ணியைக் குழிக்கும்போது, கிண்ணிக்கும் பட்டடைக்கும் நடுவில் மருந்து நசுங்கிப் பற்றுகிறது. இதற்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். ஆற்றல் என்பது விசை பெருக்கல் தூரம். பெரிய துப்பாக்கியில் ஹாமர் நீண்ட வளைவில் சுழன்று வந்து அடிக்கிறது. சிறிய துப்பாக்கியில் அவ்வளவு தூரம் கிடையாது. தூரம் குறைந்தால் விசையைக் கூட்டித்தான் அதே ஆற்றலைப் பெற முடியும். ஆகவே சின்ன உடம்புக்குள் முரட்டு ஸ்பிரிங். காம்பாக்ட் பிஸ்டல் பலவற்றின் ட்ரிக்கர் அடம்பிடிப்பதற்கு முதல் காரணம் இது. பாகங்கள் சரியாக மெருகேற்றப்படாமல் ஒன்றோடொன்று உரசுவது இரண்டாவது காரணம்.

ஸ்பிரிங் என்றதும் ராபர்ட் ஹூக்கை நினைக்காமல் தாண்ட முடியாது. இழுக்க இழுக்க எதிர்விசை அதே விகிதத்தில் கூடும் என்ற விதியை 1660இலேயே கண்டுகொண்ட மனிதர், அதை யாரும் திருடிவிடக் கூடாதென்று 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். 1678இல்தான் விடையைச் சொன்னார். இன்றைய ஆராய்ச்சி மாணவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

ஹூக் விதி எல்லாருக்கும் தெரியும். சுருள்வில்லின் விறைப்பு எதைப் பொறுத்தது என்பதைத்தான் பலர் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கம்பியின் விட்டம் சூத்திரத்தில் நான்காம் படியில் நிற்கிறது. 1 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 0.95 மில்லிமீட்டர் கம்பியில் அதே ஸ்பிரிங்கைச் சுற்றினால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் விறைப்பு 18 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். சுருளின் விட்டம் மூன்றாம் படியில் கீழே வருகிறது. சுற்றுகளின் எண்ணிக்கையும் கீழேதான். இதை மறந்தவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கட்டிங் பிளேயரை எடுத்து ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றுகளை வெட்டி எறிவார்கள், லேசாகும் என்று. சுற்று குறைந்தால் விறைப்பு கூடும்! முன்கூட்டியே அமுங்கியிருந்த அளவு குறைவதால் ஆரம்பத்தில் லேசாகத் தோன்றும், கடைசியில் விசை சட்டென ஏறும். போதாக்குறைக்கு, வெட்டிய முனை தட்டையாக இல்லாமல் சாய்ந்து நின்று பக்கச்சுவரை உரசும். துப்பாக்கியில் மட்டுமில்லை, மோட்டார் சைக்கிளிலும் இதைச் செய்யாதீர்கள்.

சரி, ஒழுங்காகச் செய்யப்பட்ட மெல்லிய ஸ்பிரிங்கையே வாங்கி மாட்டுகிறோம் என்று வையுங்கள். என்ன நடக்கும்?

இத்தாலியின் பெரெட்டா 92 நல்ல உதாரணம். இது காம்பாக்ட் இல்லை, பெரிய பிஸ்டல். 1985இல் அமெரிக்க ராணுவம் இதை எம்9 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. இதன் ஹாமர் ஸ்பிரிங் கனம். அதே கம்பெனி 92டி என்றொரு வகையையும் செய்தது. அதில் ஒவ்வொரு குண்டுக்கும் முழு நீள இழுப்புதான் என்பதால் கொஞ்சம் லேசான ஸ்பிரிங்கை வைத்தார்கள். சுடுவோர் கூட்டம் உடனே மோப்பம் பிடித்துவிட்டது. 'டி ஸ்பிரிங்' வாங்கி சாதாரண 92இல் மாட்டுவது வழக்கமாகிப் போனது. பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்கிறது. அப்படியானால் முதலில் ஏன் கனமானதை வைத்தார்கள்? கடினமான ராணுவப் பிரைமர், உறைந்த கிரீஸ், மணல், வருடக்கணக்கில் சோர்ந்துபோகும் கம்பி, எல்லாவற்றையும் தாங்கட்டும் என்று வைத்த உபரி அது. அந்த உபரியைத்தான் நாம் எடுத்துச் செலவழிக்கிறோம். உபரி எவ்வளவு இருந்தது, எவ்வளவு எடுத்தோம் என்று கணக்குத் தெரிந்தவரை ஆபத்தில்லை. கம்பெனியே வேறு மாடலுக்காகச் சோதித்த ஸ்பிரிங் என்றால் கணக்குத் தெரியும். பெயர் தெரியாத பாக்கெட்டில் வருவதற்குத் தெரியாது.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டாவின் பின்புறமே காட்டிவிடும். ஒழுங்காகச் சுட்ட தோட்டாவின் பிரைமரில் நடுவே ஆழமான, வட்டமான குழி இருக்கும். சுடாமல் போனதில் அதே இடத்தில் மேலோட்டமான ஒரு தழும்பு மட்டும் இருக்கும், நகத்தால் தடவினால் அகப்படாத அளவுக்கு. காதில் 'டொப்' வர வேண்டிய இடத்தில் 'க்ளிக்' வரும். பயிற்சி மைதானத்தில் அந்த 'க்ளிக்' ஒரு சிரிப்போடு போய்விடும். துப்பாக்கியின் முனையை இலக்கை நோக்கியே சிறிது நேரம் பிடித்துக் காத்திருந்து, பிறகு தோட்டாவை வெளியேற்ற வேண்டும். தாமதமாகப் பற்றும் பிரைமரும் உண்டு. உயிரைக் காக்க வைத்திருக்கும் துப்பாக்கியில் அந்த 'க்ளிக்' வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரைமர் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது இதில் இன்னொரு சிக்கல். தயாரிப்பாளர்கள் அதைச் சோதிக்கும் முறை எளிமையானது. குறித்த எடையுள்ள இரும்புக் குண்டைக் குறித்த உயரத்திலிருந்து ஊசியின் மேல் விழ விடுவார்கள். ஓர் உயரத்துக்கு மேல் எல்லாம் வெடிக்க வேண்டும், ஓர் உயரத்துக்குக் கீழே எதுவும் வெடிக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. அமெரிக்காவின் ஃபெடரல் பிரைமர் மென்மையானது என்று போட்டிக்காரர்களிடையே பெயர். ட்ரிக்கரை மிகவும் லேசாக்கியவர்கள் அதைத் தேடித்தான் வாங்குவார்கள். அதாவது ஸ்பிரிங்கை மாற்றியவர் தன் தோட்டாக் கடையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி ஆஸ்திரியாவின் க்ளாக். எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் தனி மரியாதை உண்டு. கஸ்டோன் க்ளாக் உருவாக்கிய முதல் பிஸ்டலை 1982இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. 1988இல் அதன் காம்பாக்ட் வடிவமான க்ளாக் 19 வந்தது. இதில் வெளியே ஹாமர் கிடையாது. உள்ளே ஸ்டிரைக்கர் என்ற ஊசித்தண்டு, அதற்கொரு ஸ்பிரிங். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடு முன்னால் வந்து மூடும்போதே ஸ்டிரைக்கர் பாதி இழுபட்டு நிற்கும், மீதியை ட்ரிக்கர் இழுத்து முடிக்கும். சுமார் இரண்டரைக் கிலோ, அதாவது ஐந்தரை பவுண்டு இழுப்பு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ட்ரிக்கரின் பின்பக்கம் மாட்டியிருக்கும் சிறிய சுருள்வில் உங்கள் விரலுக்கு எதிராக வேலை செய்யவில்லை, விரலோடு சேர்ந்து இழுக்கிறது. எதிர்ப்பு வருவது ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்கிலிருந்து. ஆகவே க்ளாக்கில் ட்ரிக்கர் ஸ்பிரிங்கைக் கனமாக்கினால் இழுப்பு லேசாகும்! தெரியாதவர்கள் மெல்லியதை மாட்டிவிட்டு இன்னும் கனமாகிவிட்டதே என்று விழிப்பார்கள். ட்ரிக்கரை மறுபடி முன்னால் தள்ளுவதும் அந்த ஸ்டிரைக்கர் ஸ்பிரிங்தான். எனவே அதை அளவுக்கு மீறி மெலிதாக்கினால் பிரைமரும் பற்றாது, ட்ரிக்கரும் திரும்பாது. ஒரு ஸ்பிரிங்கைத் தொட்டால் மூன்று இடத்தில் கணக்கு மாறும்.

நியூயார்க் கதை இங்கே தொடங்குகிறது. நியூயார்க் மாநிலப் போலீஸ் தாங்கள் பழகிய ரிவால்வரைப் போன்ற கனமான இழுப்பு வேண்டும் என்று கேட்டது. க்ளாக் கம்பெனி அந்த உதவும் சுருள்வில்லை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் எதிர்த்துத் தள்ளும் ஸ்பிரிங் ஒன்றை வைத்தது. இன்றும் அதற்கு 'நியூயார்க் ட்ரிக்கர்' என்றே பெயர். 1993இல் நகரப் போலீஸ் ரிவால்வரிலிருந்து 9 எம்எம் பிஸ்டலுக்கு மாறியபோது, இதில் இன்னும் கனமான வகையைத் தேர்ந்தெடுத்தது. இழுப்பு சுமார் 12 பவுண்டு, ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தோட்டா நிரப்பிய க்ளாக் 19இன் மொத்த எடையே ஒரு கிலோவுக்குக் கீழே. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டே கையில் இருக்கும் பொருளை அசையாமல் பிடி என்று சொல்வதற்கு இது சமம். நோக்கம் நல்லதுதான். பதற்றத்தில் இருக்கும் காவலரின் விரல் தவறுதலாகப் பட்டு வெடித்துவிடக் கூடாது.

2012 ஆகஸ்ட் 24 காலை, எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு அருகே, பழைய சக ஊழியரைச் சுட்டுக் கொன்றுவிட்டு நடந்து போன ஒருவரை இரண்டு காவலர்கள் எதிர்கொண்டார்கள். சில விநாடிகளில் 16 குண்டுகள் சுட்டார்கள். ஆள் விழுந்தார். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேரும் காயமடைந்தார்கள், எல்லாம் காவலர்களின் குண்டுகளாலும் தெறித்த துண்டுகளாலும். இதற்கு ட்ரிக்கர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மிக நெருக்கத்தில், துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றவரைச் சுடும்போது எந்தக் கையும் நடுங்கும். ஆனால் 2008இலேயே ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம், அந்தப் போலீஸ் துறையே கேட்டு நடத்திய ஆய்வில், லேசான ட்ரிக்கரைப் பரிசீலியுங்கள் என்று சொல்லியிருந்தது.

குறி தவறினால் தவறட்டும், தவறுதலாக வெடிக்காமலாவது இருந்ததா? 2014 நவம்பர் 20 இரவு, புரூக்ளினில் ஓர் அரசுக் குடியிருப்பின் இருண்ட மாடிப்படி. புதிதாகப் பணிக்கு வந்த பீட்டர் லியாங் என்ற காவலர் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்தார். துப்பாக்கி வெடித்தது. குண்டு சுவரில் பட்டுத் திரும்பி, கீழ்த்தளத்தில் நின்ற அகாய் கர்லி என்ற 28 வயது இளைஞரின் உயிரைக் குடித்தது. அவர் கையில் எந்த ஆயுதமும் இல்லை. வழக்கு விசாரணையில் அந்த 11½ பவுண்டு ட்ரிக்கர் பெரிய விவாதமானது. ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டதில் வெடித்துவிட்டது என்றார் லியாங். ஜூரிகள் அந்தத் துப்பாக்கியைத் தாங்களே கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார்கள். 2016 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். பிறகு நீதிபதி குற்றத்தின் தரத்தைக் குறைத்து, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் தசைகளின் இயக்கத்தை ஆராய்ந்த ரோஜர் எனோகா, விரும்பாமலே விரல் இறுகுவதற்கு மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்கிறார். ஒரு கை எதையாவது இறுகப் பற்றும்போது மற்றக் கையும் தன்னையறியாமல் இறுகுவது ஒன்று. கால் இடறிச் சமநிலை தவறுவது இன்னொன்று. திடுக்கிடுவது மூன்றாவது. வளர்ந்த ஓர் ஆணின் கைப்பிடி வலு 40 கிலோ அளவுக்குச் சாதாரணமாகப் போகும். அந்தப் பிடி மொத்தமாக இறுகும்போது நடுவில் நிற்கும் ஐந்தரைக் கிலோ ஸ்பிரிங் எம்மாத்திரம்? விரல் ட்ரிக்கரின் மேல் இருந்தால் வெடிக்கும். இல்லாவிட்டால் வெடிக்காது.

மறுகரையில் லாஸ் ஏஞ்சலஸ். அந்த மாவட்ட ஷெரீஃப் துறை நீண்டகாலம் வைத்திருந்தது முதல் இழுப்பு கனமான பெரெட்டா 92. பிறகு லேசான, சீரான இழுப்புள்ள ஸ்மித் அண்ட் வெஸன் எம்அண்ட்பிக்கு மாறினார்கள். குறி நன்றாக விழுந்தது. ஆனால் தவறுதலாக வெடிக்கும் சம்பவங்கள் 2012இல் 12 ஆக இருந்தவை 2014இல் 30 ஆயின. துறையின் கண்காணிப்பு அதிகாரி விசாரித்தபோது கிடைத்த விளக்கம் முக்கியமானது. பெரெட்டாவில் பழகியவர்கள், கனமான முதல் இழுப்பை நம்பி, குறிபார்க்கும்போதே விரலை ட்ரிக்கரின் மேல் வைக்கப் பயிற்சி பெற்றவர்கள். துப்பாக்கி மாறியது, விரலின் பழக்கம் மாறவில்லை. கனமான ஸ்பிரிங் அத்தனை ஆண்டுகளாக ஒரு கெட்ட பழக்கத்தை மூடி மறைத்துக்கொண்டிருந்தது என்பதே என் வாசிப்பு.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்களுக்காக. சிக் சவர் கம்பெனியின் பி320, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் தரையில் படும்படி விழுந்தால் தானே வெடிக்கிறது என்று 2017இல் தெரியவந்தது. துப்பாக்கி தரையில் மோதி நின்ற பிறகும், ட்ரிக்கர் தன் சொந்த எடையின் நிலைமத்தால் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போயிற்று, யாரோ இழுத்ததைப் போல. கம்பெனி செய்த திருத்தத்தில் ட்ரிக்கர் உள்ளிட்ட பாகங்களின் எடையைக் குறைத்தார்கள். இங்கே பாகத்தை லேசாக்கியது பாதுகாப்பு. ட்ரிக்கரை முன்னால் தள்ளி வைத்திருக்கும் ஸ்பிரிங்கை லேசாக்கியிருந்தால் அதுவே ஆபத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

லேசான ட்ரிக்கருக்குப் பொருத்தமான இடம் போட்டி மைதானம். அங்கேயும் எல்லை உண்டு. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம், 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம் குறைந்தபட்சம். நடுவர் குழலை மேல்நோக்கி நிறுத்தி, ட்ரிக்கரில் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார். கல் மேசையை விட்டு எழும்புவதற்குள் ட்ரிக்கர் விடுபட்டால் அந்தத் துப்பாக்கி தேறவில்லை. நம் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்த 500 கிராம் பிரிவில்தான். அங்கே துப்பாக்கி எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கும், யாரும் இருட்டில் கதவைத் திறப்பதில்லை. அந்த அளவை இடுப்புத் துப்பாக்கிக்குக் கொண்டுவர நினைப்பது எனக்குப் புரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 9 எம்எம் இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் பலர் கான்பூரில் தயாராகும் .32 வகைகளை வாங்குகிறார்கள். ட்ரிக்கர் கனம் என்ற குறை அவர்களிடமும் உண்டு. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் அதற்கென உரிமம் பெற்றவரின் வேலை. வீட்டு மேசையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருகிற விஷயம் இல்லை.

இந்த அரங்கில் உரிமம் உள்ளவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ட்ரிக்கர் கனமாகத் தோன்றினால் முதலில் உரிமம் பெற்ற கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் பிசிறையும் எடுத்தாலே பாதிப் புகார் தீரும். பிறகு டம்மி தோட்டா போட்டு, பாதுகாப்பான சுவரை நோக்கி, வெற்றாக இழுத்துப் பழகுங்கள். விரல் வலுப்படும். அதன் பிறகும் ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டுமென்றால், தயாரித்தவர்கள் அந்த மாடலுக்கென்று கொடுப்பதை மட்டும் மாட்டச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே தோட்டாவைப் போதுமான எண்ணிக்கையில் மைதானத்தில் சுட்டு, ஒவ்வொரு பிரைமரின் குழியையும் பார்த்த பிறகே அதைக் கையில் வாங்குங்கள்.

நியூயார்க் என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். 2021இல் புதிதாகச் சேரும் காவலர்களுக்குச் சுமார் 5 பவுண்டு ட்ரிக்கர் உள்ள துப்பாக்கிகளைக் கொடுப்பதாக அந்தத் துறை அறிவித்தது.